டிக்ரி காலாவதியானால் கடன் தீருமா?

கோர்ட்டுத் தீர்ப்பைப் பற்றி நம் வீடுகளில் விசித்திரமான நம்பிக்கை ஒன்று இருந்து வருகின்றது. கடன் கொடுத்தவர் புரோநோட்டை வைத்து வழக்குப் போட்டு டிக்ரி வாங்கியிருப்பார். பிறகு ஏதோ காரணத்தால் அதை நிறைவேற்றாமல் விட்டிருப்பார். ஊர் மாறிப் போயிருப்பார், நோயில் விழுந்திருப்பார், அல்லது வக்கீலுக்கும் அமீனாவுக்கும் மேற்கொண்டு செலவழிக்க மனமில்லாமல் சலித்துப் போயிருப்பார். இப்படியே பன்னிரண்டு வருடங்கள் கடந்துவிடும். அன்றைக்குக் கடன்பட்டவரின் வீட்டில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழும். "டிக்ரி காலாவதியாகிவிட்டது, இனி நம்மை ஒன்றும் செய்ய முடியாது, வக்கீலே சொல்லிவிட்டார்" என்று பேசிக்கொள்வார்கள். அந்த வருடமே ஹஜ்ஜுக்கு மனுப்போடுகிறவர்களும் உண்டு.

வக்கீல் சொன்னது சட்டப்படி சரிதான். 1963ஆம் வருடத்திய காலவரம்புச் சட்டத்தின் 136வது ஷரத்துப்படி, பணம் தரவேண்டும் என்னும் டிக்ரியை அது அமலுக்கு வந்த நாளிலிருந்து 12 வருடங்களுக்குள் நிறைவேற்ற மனுச் செய்தாக வேண்டும். தவறினால் கோர்ட்டு அந்த மனுவை ஏற்காது. இடையில் சில்லறையாக ஏதேனும் கொடுத்திருந்தாலும் அதனால் இந்த 12 வருடக் கெடு நீளாது. எனவே சட்டத்தைப் பற்றி வக்கீலிடம் கேட்டவர் சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறார். ஆனால் அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அமீனா வாசலுக்கு வரமாட்டார் என்பதும், கடன் தீர்ந்துவிட்டது என்பதும் ஒன்றா?

ஒன்றல்ல. இதை ஷரீஅத்து மட்டும் சொல்லவில்லை. காலவரம்பு என்பது கடனை வசூலிக்கும் வழியைத்தான் அடைக்கின்றது, கடனையே அழித்துவிடுவதில்லை என்று இந்நாட்டு நீதிமன்றங்களே பலமுறை தீர்ப்பளித்திருக்கின்றன. காலம் கடந்துபோன கடனை நான் தருகிறேன் என்று கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திட்டால், 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 25வது பிரிவு அந்த வாக்கைச் செல்லும் என்கிறது. கடன் உண்மையிலேயே செத்துப்போயிருந்தால் ஒரு கையெழுத்தால் அதற்கு எப்படி உயிர் வரும்?

நமது பிக்ஹு நூல்கள் இவ்விஷயத்தில் இன்னும் தெளிவானவை. உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை ஹனபி மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட 'மஜல்லத்துல் அஹ்காமில் அத்லிய்யா' என்னும் சட்டத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் காலவரம்பு இருக்கிறது. பதினைந்து வருடங்களாகக் காரணமின்றி விட்டுவைத்த கடன் வழக்கைக் காஜி விசாரிக்க வேண்டியதில்லை என்று அதன் 1660வது ஷரத்துக் கூறுகின்றது. காலம் செல்லச் செல்லச் சாட்சிகள் இறந்துபோவார்கள், பத்திரங்கள் கரையான் அரித்துப் போகும், பொய் வழக்குகள் பெருகும் என்பதற்காக வைக்கப்பட்ட வரம்பு அது. ஆனால் அதே தொகுப்பின் 1674வது ஷரத்து, காலம் கடந்தது என்பதால் எவருடைய ஹக்கும் விழுந்துவிடாது என்றும், பிரதிவாதி காஜியின் முன்னிலையில் 'ஆம், நான் இவருக்குத் தரவேண்டியது உண்டு' என்று ஒப்புக்கொண்டால் எத்தனை வருடமானாலும் அவர் தந்தே தீரவேண்டும் என்றும் விதித்துவிட்டது. காஜியின் கதவு மூடிக்கொண்டாலும் கடன் அவருடைய 'திம்மா'வில், அதாவது பொறுப்பில், அப்படியே இருக்கிறது என்பதுதான் இதன் கருத்து.

இதற்கெல்லாம் வேராக இருப்பது ஹஜ்ரத் உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது. புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கின்றது. தம்மிடம் வழக்குக் கொண்டுவருபவர்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறமை மிக்கவராக இருக்கக்கூடும், தாம் கேட்டதை வைத்தே தீர்ப்பளிக்கின்றோம், அப்படி ஒருவருக்கு அவருடைய சகோதரனின் ஹக்கைத் தாம் தீர்ப்பளித்துக் கொடுத்துவிட்டால் அது நெருப்பின் ஒரு துண்டே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கின்றார்கள். வஹீ இறங்கிய நாவின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், காலவரம்புச் சட்டத்தின் ஒரு ஷரத்து எப்படி ஆக்கும்? சொத்து, கடன் விஷயத்தில் தீர்ப்பு வெளிரங்கத்தை மட்டுமே தீர்க்கும், உள்ரங்கமான ஹக்கை மாற்றாது என்பதில் நான்கு மத்ஹபு இமாம்களும் ஒன்றுபட்டிருக்கின்றனர்.

இந்த ஹதீது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி என்பதையும் கவனிக்க வேண்டும். கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நம்பிக்கையின் பேரில் புரோநோட்டைத் திரும்ப வாங்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். அதே நோட்டின் மீது பின்னால் வழக்கு வந்து டிக்ரியும் ஆகியிருந்தால், அப்படிப்பட்டவர் அல்லாஹ்விடத்தில் கடனாளி அல்ல. டிக்ரியை வைத்து வசூலித்தவர்தான் நெருப்பை வாங்கிச் சென்றவர். அதுபோலவே, சம்மன் வந்தும் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்து ஒருதலைப்பட்சமாக ஆகிவிட்ட டிக்ரியில், உண்மையான பாக்கியைவிட அதிகத் தொகை கண்டிருக்கலாம். மார்க்கத்தில் அவர் தரவேண்டியது உண்மையான பாக்கியையே. ஆனால் எது உண்மை என்பதற்கு அவரவர் மனசாட்சி சாட்சி. நமக்குச் சாதகமாகக் கணக்கை மறந்துபோவது மனித சுபாவம். ஆகவே சந்தேகமான இடத்தில் கூடுதலான தொகையை எடுத்துக்கொள்வதே பேணுதல்.

அபூகதாதா (ரலி) அவர்களின் இரண்டு தீனார்களைப் பற்றி நம்மில் பலர் பயானில் கேட்டிருப்போம். கேட்ட விதத்தில் பாதிதான் நினைவிருக்கும். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. அவருக்குக் கடன் உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இரண்டு தீனார் உண்டு என்று தெரிந்ததும் தொழவைக்காமல் விலகினார்கள். அபூகதாதா (ரலி) பொறுப்பேற்றுக்கொண்ட பின்னரே தொழவைத்தார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரியும். இமாம் அஹ்மது (ரஹ்) அவர்கள் ஜாபிர் (ரலி) வழியாகப் பதிவுசெய்துள்ளதில் பிறகு நடந்ததும் இருக்கிறது. அந்த இரண்டு தீனார் என்னவாயிற்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் பின்னர் அபூகதாதாவிடம் கேட்டார்கள். அவர் நேற்றுத்தானே இறந்தார் என்றார் அபூகதாதா. மறுநாள் கொடுத்துவிட்டதாகத் தெரிவித்தபோதுதான், இப்போதே அவருடைய மேனி குளிர்ந்தது என்ற கருத்தில் அருளினார்கள். பொறுப்பேற்றுக்கொண்ட சொல்லால் ஜனாஸாத் தொழுகை கிடைத்தது. மய்யித்துக்குக் குளிர்ச்சி கிடைத்ததோ பணம் கைமாறிய பின்புதான். நம் ஊர்களில் ஜனாஸாவின்போது, மய்யித்திடம் கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசுகளிடம் சொல்லுங்கள் என்று அறிவிக்கிறோம். நல்ல வழக்கம்தான். அறிவித்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் கோளாறு.

வாரிசுகளின் பொறுப்பு

ஒரு வாசகரின் கடிதத்தை ஒட்டியே இதை எழுதுகின்றோம். தகப்பனார் வஃபாத்தாகிவிட்டார். பீரோவில் பத்திரங்களைத் தேடியபோது பழைய முன்சீப் கோர்ட்டு டிக்ரியின் நகல் கிடைத்திருக்கிறது. டிக்ரியாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டை மூன்று ஆண்களும் இரண்டு பெண்களும் பாகம் பிரிக்க இருந்த நேரம். மூத்தவருக்கு மனம் உறுத்துகிறது. இளையவர், செத்துப்போன டிக்ரியைத் தோண்டாதீர்கள் என்கிறார். யார் சொல்வது சரி?

பாகப்பிரிவினையைப் பற்றிய ஆயத்துகளிலேயே, மரண சாசனமும் கடனும் போக மீதியைத்தான் பங்கிட வேண்டும் என்று அல்லாஹுத்தஆலா திரும்பத் திரும்பக் கூறியிருக்கின்றான் (4:11, 12). ஜனாஸாச் செலவு போனபின் கடன், அதன்பின் வசிய்யத்து, அதன் பிறகே வாரிசுப் பங்கு. கடன் தீராத வரையில் அந்த வீட்டில் கடன் கொடுத்தவரின் ஹக்குத் தொங்கிக்கொண்டே இருக்கிறது. எனவே மூத்தவர் சொல்வதே சரி. ஆனால் இளையவருக்கும் ஒரு விஷயத்தில் நிம்மதி உண்டு: தகப்பன் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பாளிகள். சொத்துக்கு மேற்பட்ட கடனைத் தம் கைக்காசிலிருந்து அடைப்பது அவர்கள்மீது வாஜிபல்ல. அடைத்தால் அது பெற்றோருக்குச் செய்யும் மிகப்பெரிய உபகாரம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 50வது பிரிவும், இறந்தவரின் சொத்து கைக்கு வந்த அளவுக்கே வாரிசுகள் பொறுப்பு என்று இதே வரம்பைத்தான் வைத்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் கோர்ட்டும் கித்தாபும் ஒரே வரியில் நிற்கின்றன.

ஹஜ்ரத் ஜுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களுடைய கடன் விவகாரத்தை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் விரிவாகப் பதிவுசெய்திருக்கின்றார்கள். பாகப்பிரிவினைக்கு உட்காருகிற ஒவ்வொரு குடும்பமும் முதலில் அதை வாசிக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். ஹிஜ்ரி 36ல் ஜமல் யுத்தத்தன்று, தாம் அன்று அநியாயமாகக் கொல்லப்படுவோம் என்று உணர்ந்த ஜுபைர் (ரலி), மகனார் அப்துல்லாஹ்வை அழைத்துத் தம் கடனைப் பற்றியே மிகவும் கவலைப்பட்டார்கள். கட்ட முடியாமல் போனால் என் எஜமானிடம் உதவி தேடு என்றார்கள். எந்த எஜமான் என்று மகனார் கேட்க, அல்லாஹ் என்றார்கள். அந்தக் கடன் ஆடம்பரத்தால் வந்ததல்ல. மக்கள் அமானிதமாகப் பணம் கொண்டுவருவார்கள். அமானிதம் தொலைந்துபோனால் அவர்களுக்கு நஷ்டமாகுமே என்று அஞ்சி, கடனாகவே வாங்கிக்கொள்வார்கள். கணக்குப் பார்த்தபோது கடன் இருபத்திரண்டு லட்சம் இருந்தது. ரொக்கமாக ஒரு தீனாரோ திர்ஹமோ இல்லை. நிலமும் வீடுகளும் மட்டுமே. ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு வாங்கிய 'காபா' நிலத்தை அப்துல்லாஹ் (ரலி) பதினாறு லட்சத்துக்கு விலைபேசினார்கள். நான்கு லட்சம் வரவேண்டியிருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி), வேண்டுமானால் விட்டுக்கொடுத்துவிடுகிறேன் என்றபோதும் மறுத்தார்கள். சரி, கடைசியாகக் கொடுங்கள் என்றபோதும் மறுத்தார்கள். நிலத்தின் ஒரு பகுதியை அளந்து கொடுத்தே தீர்த்தார்கள்.

கடனெல்லாம் தீர்ந்த பிறகு மற்ற வாரிசுகள், எங்கள் பங்கைப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேட்பு. அப்துல்லாஹ் (ரலி) சம்மதிக்கவில்லை. நான்கு வருடங்கள் ஹஜ்ஜுக் காலத்தில், ஜுபைரிடம் கடன் உள்ளவர்கள் வரலாம் என்று அறிவிப்புச் செய்த பின்னரே பங்கிட்டார்கள். கேட்டு வராத கடன்காரருக்காக நான்கு வருடம் சொத்தை நிறுத்திவைத்தவர்கள் அவர்கள். பெயரும் தொகையும் வழக்கு எண்ணும் எழுதிய டிக்ரி நகலைக் கையில் வைத்துக்கொண்டே 'செத்துப்போனது' என்று சொல்கிறோம் நாம்.

எவ்வளவு கொடுக்க வேண்டும்?

இங்கேதான் குடும்பங்களில் உண்மையான தகராறு எழும். டிக்ரியைப் பார்த்தால் அசல், வழக்குத் தேதி வரை நோட்டு வட்டி, டிக்ரி தேதியிலிருந்து வருடத்துக்கு 6 சதவீதம் போன்ற ஒரு வட்டி, பிறகு கோர்ட்டுச் செலவு என்று தனித்தனியாக எழுதியிருக்கும். இவற்றில் அசலைப் பற்றிச் சந்தேகமே இல்லை. வட்டியைப் பொறுத்தவரை, வட்டியிலிருந்து மீண்டவர்களுக்கு அவர்களுடைய மூலதனம் உண்டு, அநியாயம் செய்யவும் கூடாது, அநியாயம் செய்யப்படவும் கூடாது என்று குர்ஆன் தீர்த்துவிட்டது (2:279). டிக்ரி உயிரோடிருந்து கோர்ட்டு வற்புறுத்தினால் வட்டியையும் கட்ட வேண்டிய நிர்ப்பந்தம் வரலாம். நிர்ப்பந்தத்தில் போனது வேறு. காலாவதியான டிக்ரியில் அந்த நிர்ப்பந்தம் இல்லை. அசலை மட்டும் கொடுத்தால் மார்க்கக் கடமை நிறைவேறும். கோர்ட்டுச் செலவைப் பற்றி ஹன்பலி நூல்களில் ஒரு சட்டம் இருக்கிறது: வசதியிருந்தும் இழுத்தடித்துக் கடன் கொடுத்தவரைக் காஜியிடம் போகவைத்தவர் அந்தச் செலவையும் ஏற்க வேண்டும். நியாயம் இதில் பளிச்சென்று தெரிகிறது. கையில் வைத்துக்கொண்டே இழுத்தடித்தவராக இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுத்துவிடட்டும் என்பதே நாம் சொல்வது.

அடுத்தது ரூபாயின் மதிப்பு. 1985ல் வாங்கிய ஐயாயிரம் ரூபாய் அன்றைக்குப் பெரிய தொகை. இன்றைக்கு அதே ஐயாயிரத்தை நீட்டினால் வாங்குகிறவர் முகம் வாடத்தான் செய்யும். பொற்கிழியை வாங்கிவிட்டுச் செப்புக்காசைத் தருவதுபோல் அவருக்குத் தோன்றும். ஆனால் மதிப்பைக் கணக்கிட்டுக் கூட்டித் தரவேண்டும் என்று சட்டமாக்கினால் வட்டியின் வாசல் பின்பக்கமாகத் திறந்துவிடும். அதனால்தான் 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி, கடனை எந்த நாணயத்தில் எத்தனை வாங்கினாரோ அத்தனையே திருப்ப வேண்டும், விலைவாசி மதிப்போடு அதைக் கட்டிவைக்கக் கூடாது என்று தீர்மானித்தது. ஷாபிஈ மத்ஹபில் நாம் ஓதிய சட்டமும் இதுவே: இனத்துக்கு இனம், எண்ணுக்கு எண்.

சட்டம் அத்தோடு நிற்கிறது. சுன்னத்து அத்தோடு நிற்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் கடனாக வாங்கிய இளம் ஒட்டகத்துக்குப் பதிலாக அதைவிடச் சிறந்த ஒட்டகத்தையே திருப்பிக் கொடுத்தார்கள். கடனை அழகாகத் திருப்புபவரே மக்களில் சிறந்தவர் என்றும் உணர்த்தினார்கள். முன்கூட்டிப் பேசாமல், கேட்கப்படாமல், மனமுவந்து கூடுதலாகக் கொடுப்பது வட்டியல்ல. இருபது, முப்பது வருடம் ஒருவரைக் காக்கவைத்தவர் எண்ணி ஐயாயிரத்தை மட்டும் நீட்டினால் பத்வாவின்படி கடன் தீர்ந்தது. ஆனாலும் வசதியுள்ளவர் அதோடு நிறுத்திக்கொள்வது அழகில்லை.

இயலாதவரின் நிலை

எல்லாக் கடனாளிகளும் இழுத்தடிப்பவர்கள் அல்லர். வியாபாரம் முறிந்தவர், தீயில் கடை இழந்தவர், நோயில் கைமுதல் கரைந்தவர் எத்தனையோ பேர். இவர்களுக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுப்பது கடன் கொடுத்தவர் மீது கடமை. தர்மமாக விட்டுவிடுவது அதைவிட மேலானது (2:280). இயலாமை நிரூபணமான பிறகு அவரைச் சிறையில் வைக்கக் கூடாது என்பது இமாம்களின் சட்டம். இந்நாட்டுச் சட்டத்தில் டிக்ரிக் கடனுக்காகச் சிறைவைக்க இன்றும் இடமுண்டு. ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட டிக்ரிக்கு அதிகபட்சம் மூன்று மாதம். பெண்களை இதற்காகக் கைது செய்ய முடியாது. ஆனால் 1980ல் கொச்சி வங்கி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அவர்கள், வெறும் வறுமைக்காக ஒருவரைச் சிறையிலிடுவது கூடாது, வசதியிருந்தும் தர மறுக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். சிறை சென்று வந்ததால் கடன் கழிந்துவிடாது என்று அதே சிவில் நடைமுறைச் சட்டம் கூறுவதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். மஞ்சள் கடுதாசி கொடுத்தவரின் நிலையும் இதுவே. கோர்ட்டு அவரை விடுவிக்கலாம். பின்னால் அல்லாஹ் வசதியைக் கொடுத்தால் பழைய கடன்காரர்களைத் தேடிப்போக வேண்டியது அவர் பொறுப்பு.

இயலாமை என்பதன் பெயரால் நடக்கும் ஒரு காரியத்தைச் சொல்லாமல் விடமுடியவில்லை. ஜப்திக்குப் பயந்து வீட்டையும் கடையையும் மனைவி பெயருக்கு எழுதி வைத்துவிட்டு, 'என்னிடம் ஒன்றுமில்லை' என்கிறார்கள். கடன் கொடுத்தவர்களை ஏமாற்றச் செய்யப்படும் இத்தகைய மாற்றத்தைச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 53வது பிரிவின்படி கோர்ட்டு தள்ளிவிட முடியும். மார்க்கத்தில், கடனை அடைக்க வேறு வழி தெரியாத நிலையில் அதற்குரிய பொருளை ஸதகாவாகக் கொடுப்பதே ஹராம் என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதியிருக்கின்றார்கள். நன்மைக்காகக் கொடுப்பதற்கே இந்தச் சட்டம் என்றால், ஏமாற்றுவதற்காகக் கொடுப்பதை என்னென்பது? பெண்மக்கள் இதில் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். உங்கள் மஹரும், தாய்வீட்டார் உங்களுக்கே தந்த நகையும் உங்களுடையவை. கணவரின் கடனுக்காக அவற்றைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. நீங்களாக மனமுவந்து கொடுத்தால் பெரிய நன்மை. ஆனால் உங்கள் பெயரில் ஒளித்துவைத்த கணவரின் சொத்து உங்களுடையதல்ல. அதை உங்களுடையது என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

டிக்ரி பாக்கியிருக்க, மகள் கல்யாணத்துக்கு ஊரையே அழைத்து நூற்றுக்கணக்கில் சஹன் விரிக்கிறவரைப் பற்றி நாம் என்ன எழுதுவது? வசதியுள்ளவன் இழுத்தடிப்பது அநியாயம் என்று புகாரி, முஸ்லிமில் வந்திருக்கும் ஹதீது அவருக்குத்தான். ஹஜ்ஜும் அப்படியே. தவணை வந்துவிட்ட கடனைக் கட்ட வசதியுள்ளவர் கடன் கொடுத்தவரின் அனுமதியின்றிப் பிரயாணம் புறப்படுவது கூடாது. கடன் போக மீதியில்தான் ஹஜ்ஜுடைய சக்தி கணக்கிடப்படும்.

தீர்த்துக்கொள்ளும் முறை

கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு இப்னு அபீஹத்ரத் (ரலி) ஒரு கடன் தரவேண்டியிருந்தது. மஸ்ஜிதுந் நபவியிலேயே இருவருக்கும் சத்தம் உயர்ந்துவிட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் அறையின் திரையை விலக்கி, பாதியைக் குறைத்துக்கொள்ளுமாறு கஅபுக்குச் சைகை காட்டினார்கள். அவர் அக்கணமே சம்மதித்தார். உடனே மற்றவரிடம், எழுந்து போய் மீதியைக் கட்டும்படி கூறினார்கள். பாதி தள்ளுபடி உண்டு. பாதிக்குத் தவணை இல்லை. பழைய டிக்ரிகளைத் தீர்க்க இதைவிட நல்ல முன்மாதிரி நமக்குத் தெரியவில்லை. ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு, இயன்றதை ஒரே தடவையில் கொடுத்து, மீதியை வாய்விட்டு 'ஹலாலாக்கிவிட்டேன்' என்று சொல்லச் செய்வது மேல்.

டிக்ரி இன்னும் உயிரோடிருந்தால் ஓர் எச்சரிக்கை: வெளியே கொடுத்த பணத்தைக் கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால், நிறைவேற்று மனுவின்போது அந்தப் பணத்தைக் கோர்ட்டு கணக்கில் எடுக்காது. கடன்பட்டவர் தாமே பதிவு கேட்பதானால் 30 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். பாங்க் மூலமாகவோ எழுத்து மூலமான ரசீதோடோ கொடுங்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் ஆயத்துத்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது (2:282). அடைத்ததை எழுதி வாங்குவதில் மட்டும் நமக்கு ஏன் வெட்கம்?

கடன் கொடுத்தவர் இறந்திருந்தால் அவருடைய மூத்த மகனிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் பணத்தில் மனைவிக்கும் பெண்மக்களுக்கும் பங்குண்டு. மூத்தவர் அவர்களுடைய வகீலாக இல்லாவிட்டால் அவர்கள் பங்கு தீராது. சிறுவர்கள் இருந்தால் அவர்கள் பங்கை யாரும் தள்ளுபடி செய்யவும் முடியாது. கடன் கொடுத்தவர் மாற்று மதத்தவராக இருந்தாலும் சட்டம் இதுவே. அவருடைய வாரிசுகள் யார் என்பதை அவர்களுடைய சட்டப்படி தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் வஃபாத்தான நேரத்தில் அவர்களுடைய கவச உடை, வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. அவர் யூதர்தானே என்று எவரும் அதை இலேசாக எண்ணவில்லை. மறுமையில் மாற்று மதத்தவரின் ஹக்குக்குப் பதில் சொல்வது இன்னும் கடினம் என்று எழுதிய உலமாக்கள் உண்டு.

கடன் கொடுத்தவர் தரப்பில் இரண்டு வார்த்தை. டிக்ரியை நிறைவேற்ற உங்களுக்கு உரிமையுண்டு. வட்டியை வாங்க உரிமையில்லை. கோர்ட்டு வட்டியோடு வசூலித்துத் தந்துவிட்டால், வட்டித் தொகையைக் கட்டியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இயலாத கடனாளிக்குத் தள்ளுபடி செய்துவிட்டு அதையே ஜகாத்தாகக் கணக்கெழுதிக்கொள்வது ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபிலும் கூடாது. ஆனால் கடனாளிகளும் ஜகாத்துப் பெறும் எட்டு வகையாரில் ஒரு வகையார் (9:60). எனவே திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனை ஏதுமின்றி ஜகாத்துப் பணத்தை அவர் கையில் கொடுத்து, அவர் தாமாகவே அதிலிருந்து உங்கள் கடனைக் கட்டினால் ஜகாத்தும் நிறைவேறும், கடனும் தீரும். நிபந்தனை போட்டால் இரண்டும் கெடும்.

இனி, கடன் கொடுத்தவரோ வாரிசுகளோ எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால்? டிக்ரி நகலில் வாதியின் விலாசமும் அவருடைய வக்கீலின் பெயரும் இருக்கும். முதலில் அந்த வழியாகத் தேட வேண்டும். பழைய ஊரின் ஜமாஅத்திலோ, தெருவிலோ, கடைவீதியிலோ விசாரிக்க வேண்டும். உண்மையாகவே தேடி, கிடைப்பார்கள் என்ற நம்பிக்கை அற்றுப்போன பிறகு, அத்தொகையை அவருடைய பெயரால் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம். பின்னால் ஒருநாள் உரியவர் வந்து நின்றால், அந்தத் தர்மத்தை அவர் ஏற்றுக்கொள்வதோ பணத்தைக் கேட்பதோ அவர் விருப்பம். கேட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும். அதற்காக, எந்தத் தேதியில் யாருக்காக எவ்வளவு கொடுத்தோம் என்பதை எழுதி, டிக்ரி நகலோடு சேர்த்து வைத்து, வாரிசுகளிடம் சொல்லியும் வைக்க வேண்டும்.